எந்தத் தலைக்குள் பிள்ளை?

நல்லமுத்துவுக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசாகிறது, பனியும் கூட, என்று விட்டுவிட்டார். சுவரை ஒட்டிய அடுத்த காம்பரா வீட்டிலிருக்கும் பொன்னையாவுக்கும் கை நடுங்கத் தொடங்கியபோதுதான் அவருக்கு வயிறு எரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் தனக்கென்று தனியாக வந்து சேர்ந்த ஒரே விஷயம் அந்த நடுக்கம். அதிலும் பங்கு கேட்டு வந்துவிட்டான்.

பொன்னையா அவருக்குச் சித்தப்பா மகன், இரண்டு வயது இளையவர். பிறப்பதில் மட்டும்தான் பிந்தினாரே தவிர, மற்ற எதிலும் அவர் பிந்தியதில்லை. லிந்துலைக்கு மேலே ஊசிக்கல் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், லய வரிசையின் தொங்கல் காம்பரா, அதுதான் பக்கத்தில் காய்கறி போட இடமுள்ள கடைசிக் காம்பரா, பொன்னையாவுக்கு விழுந்தது. கங்காணி வேலையும் அவருக்கே விழுந்தது. நல்லமுத்துவுக்கு மிஞ்சியிருந்தது தோளில் மாட்டி அடிக்கும் முதல் தப்பு. மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினால் முதல் அடி அவருடையது. அவர் அடிக்காமல் ரதி ஆடமாட்டாள், மன்மதன் எழும்பமாட்டான். கை ஆடத் தொடங்கியதும் அந்தத் தப்பும் பொன்னையாவின் தோளுக்கு ஏறியது. பிறகு பொன்னையாவின் கையும் ஆடி, தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கூத்துக்கு டயகமவிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து வந்து அடித்தார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்ற பங்காளிகள் இரண்டு பேரும், வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரே ஆளைப் பார்த்து ஒன்றாகப் பல்லைக் கடித்தார்கள்.

"அடுத்த மாசிக்கு எவன் கை நிக்குதோ அவன் மொதத் தப்ப எடுக்கட்டும்" என்றார் தோட்டத்துச் சங்கத் தலைவர் மூக்கன். "ரெண்டும் ஆடுனா டயகமக்காரனே வரட்டும்."

அந்தச் சித்திரையில்தான் ஹட்டன் ரோட்டில் மலைநாட்டு மூளை மீள்நடுகை நிலையம் திறக்கப்பட்டது.

பழைய வெள்ளைக்காரத் துரையின் பங்களா. பணம் வெளிநாட்டுப் பணம். கருவிலேயே கலைந்துபோன சிசுக்களின் மூளையிலிருந்து நரம்பணுக்களை எடுத்து, நடுக்கக்காரர்களின் மூளைக்குள் நட்டு வளர்ப்பது நோக்கம். தேயிலையை மீள்நடுகை செய்கிற மலையில் மூளையையும் செய்தால் என்ன என்று மேலிடத்தில் யாரோ நினைத்திருக்க வேண்டும். பணிப்பாளர் டொக்டர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்துப்பட்டி கட்டாமல் தூங்கவும் மாட்டார் என்று கேள்வி. திறப்பு விழாவில் அவரே விளக்கினார்.

"நரம்பணு குளிரில இருக்கவேணும். இஞ்ச ஜன்னலைத் திறந்துவிட்டால் காணும், பெட்டி தேவையில்லை. குளிர்ப்பெட்டிக்கு எண்டு வந்த நிதியில நாங்கள் மூண்டு ஜீப் வாங்கியிருக்கிறம். விஞ்ஞானத்தில இதைத்தான் சிக்கனம் எண்டு சொல்லுறது."

கைதட்டல் லிந்துலை வரை கேட்டது என்பார்கள்.

தோட்டத்து மருந்துக்காரர் இரண்டு பேரையும் ஒன்றாகவே அனுப்பிவைத்தார். பதிவு மேசையில் நல்லமுத்துவிடம் பிறந்த இடம் கேட்டார்கள். லயத்தில், என்றார். அத்தாட்சி கேட்டார்கள். இல்லை, என்றார். எந்த நாட்டுப் பிரஜை, என்றார்கள். மனுப் போட்டிருக்கு, என்றார். எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டார். ஆனால் அவர் தலைக்குள் நடப்போகும் அணுவுக்கு எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, கருவின் எத்தனையாவது வாரம் என்று எல்லாம் பதிவில் இருந்தது.

"பூர்வீகம் தெரியாத அணுவை நாங்கள் தொடமாட்டம்" என்றார் டொக்டர் பெருமையாக.

கண்ணுக்கே தெரியாத அந்த அணுவின் மேல் நல்லமுத்துவுக்கு அன்றைக்கே பொறாமை வந்துவிட்டது.

நடுகைக்கு முன்னால் விளக்கவுரை ஒன்று இருந்தது. விளக்கவுரை கேட்காத எவருடைய தலையையும் துளைக்கக்கூடாது என்பது நிலையத்தின் விதி. பங்காளிகள் இரண்டு பேரும் மனைவிமாரோடு நீள வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள்.

"மூளைக்கு நடுவில தண்ணித் தொட்டி மாதிரி ஒரு இடம் இருக்குது. சிசுவில நரம்பணு பிறக்கிறது அந்தத் தொட்டிக் கரையில. பிறந்த இடத்திலயே அது இருக்காது. நார் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு மேல ஏறும். முந்திப் பிறந்தது கீழ் அடுக்கில தங்கியிடும். பிந்திப் பிறந்தது அதையும் தாண்டிப் போய் மேல் அடுக்கில இருக்கும். விளங்குதோ?"

ஒரு டொக்டர் சொன்னது முழுவதும் நல்லமுத்துவுக்கு விளங்கியது ஆயுளில் அன்று ஒரு நாள்தான். அவர் திரும்பிப் பொன்னையாவைப் பார்த்தார். பொன்னையா கூரையைப் பார்த்தார்.

"அதுக்குள்ளயும் இந்த அநியாயம் நடக்குதுங்களா ஐயா?"

"அது அநியாயமில்லை, அபிவிருத்தி" என்றார் டொக்டர். "இளம் அணுதான் தன்ர இடத்தைத் தேடிப் போய்ப் பிடிக்கும். முத்தினது பிடிக்காது. அதாலதான் சிசுவில எடுக்கிறம்."

நல்லமுத்துவின் மனைவி காளியாயி அதுவரை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தவள், வாயைத் திறந்தாள். "யாரு பெத்த புள்ளைங்க ஐயா அது?"

"பெறேல்லை அம்மா. கலைஞ்சது."

"கலைஞ்சாலும் புள்ளதானுங்களே. பேரு கீரு வச்சாங்களா?"

டொக்டர் மேசையிலிருந்த தாள்களைப் புரட்டினார். "இலக்கம் வச்சிருக்கு" என்றார்.

காளியாயி மறுபடியும் முந்தானையைத் திருகத் தொடங்கினாள். கலியாணமான புதிதில் அவளுக்கும் ஒன்று கலைந்தது. அதற்கு இலக்கமும் இல்லை.

அடுத்ததாக டொக்டர் நிலையத்தின் மிக உயர்ந்த கொள்கையைச் சொன்னார். இருவர் தலையிலும் துளை போடப்படும். ஒருவருக்குத்தான் அணு நடப்படும். மற்றவருக்குத் துளை மட்டும். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது.

"ஒண்ணும் வக்கலைன்னா அவரு தலையில எதுக்குங்க ஓட்ட?" என்றாள் பொன்னையாவின் மனைவி ராக்காயி.

"ஓட்டை போடாட்டி தனக்கு ஒண்டும் கிடைக்கேல்லை எண்டு அவருக்குத் தெரிஞ்சுபோம். அவற்ற மனம் நோகும் எல்லோ? இந்த நிலையத்தில பாகுபாடு இல்லை, அம்மா. அணுவில இல்லாட்டியும் ஓட்டையில எல்லாரும் சமம்."

"ஒங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றார் நல்லமுத்து.

டொக்டர் எழுந்து நின்றார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "எனக்குத் தெரியாது. துளை போடுறவருக்குத் தெரியாது. தாதிமாருக்குத் தெரியாது. இந்த நிலையத்தில ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. அதுதான் எங்கட பெருமை."

அது வெறும் பேச்சல்ல. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டைப்போல நிலையத்திலும் ஒரு பெரட்டு இருந்தது. பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொரு உத்தியோகத்தரும் ஓரடி முன்னுக்கு வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "எனக்குத் தெரியாது" என்று சொல்லவேண்டும். கணீரென்று சொன்னவர்களுக்குப் பதவி உயர்வு. தயங்கிச் சொன்ன ஒருவரை, ஏதோ தெரிந்திருக்கிறது என்ற சந்தேகத்தில், இடம் மாற்றிவிட்டார்கள்.

யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று பணம் தந்த வெளிநாட்டுக்காரர்கள் பிடிவாதமாக நின்றார்கள். ஆகவே 'அறிந்த உத்தியோகத்தர்' என்று ஒரு பதவி உண்டாக்கி மிஸ் கேதீஸ்வரியை நியமித்தார்கள். பின்கட்டில் தனி அறை. ஊசிகளை நிரப்புவதும், எது எவருக்கு என்று அறிந்திருப்பதும் அவருடைய வேலை. அவரோடு யாரும் பேசக்கூடாது. சாப்பாடு ஜன்னலால் போகும். அவர் நடைபாதையில் வந்தால் மற்ற உத்தியோகத்தர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவார்கள். முகத்தைப் பார்த்துத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

நடுகை நாளன்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார டொக்டர் இரண்டு தலையிலும் அளந்து துளை போட்டார். துணி சுற்றிய ஊசியைச் செலுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாதிமார் சுவரைப் பார்த்தார்கள். டொக்டர் துரைராசா தவறிப்போயும் எதுவும் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக நுவரெலியா கிளப்புக்குப் போய், அடுத்த நாள் மத்தியானம்வரை அங்கேயே கடமையில் இருந்தார்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி வெள்ளைக்கட்டோடு ஒரே ஜீப்பில் லயத்துக்கு வந்து இறங்கினார்கள். வழி முழுவதும் நல்லமுத்து பொன்னையாவின் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். தன்னுடையதைவிட அது கொஞ்சம் புடைத்திருப்பதுபோல் இருந்தது.

"வேரு புடிச்சு வளர எவ்வளவு நாளாகுமாம்?" என்று லயத்துப் பெண்கள் கேட்டார்கள்.

"பத்து மாசமாகுமாம்" என்றாள் காளியாயி.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கருவிலிருந்த பிள்ளை. பத்து மாசம். இதற்கு மேல் டொக்டர் சொல்ல என்ன இருக்கிறது? விஷயம் அன்று பொழுது சாய்வதற்குள் கீழ்க்கணக்குவரை போய்விட்டது. மேல்கணக்கில் இரண்டு ஆம்பிளைகளில் ஒருத்தர் பிள்ளைத்தாச்சி.

அதன் பிறகு நல்லமுத்துவுக்கு நிம்மதி இல்லை. ராக்காயி எங்கிருந்தோ மாங்காய் வாங்கிவந்து பொன்னையாவுக்கு உப்பு மிளகாய் போட்டுக் கொடுத்தாள். காளியாயி புளிச்சோறு கிண்டினாள். ராக்காயி சாம்பல் பூசணிக்காயைக் கண்ணில் காட்டவில்லை, ஆகாதாம். ஒரு காலை பீலிக்கரையில் முகம் கழுவப்போன பொன்னையா ஊர் பார்க்க வாந்தி எடுத்தார்.

"மசக்கடி!" என்றார்கள் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள்.

நல்லமுத்து அந்த வாந்தியை வாசலில் நின்று பார்த்தார். ஒருத்தர் வாந்தி எடுப்பதைப் பார்த்து இவ்வளவு ஏங்கியவர் உலகத்தில் வேறு இருந்திருக்கமாட்டார். மறுநாள் விடிய எழுந்து காத்திருந்தார். வரவில்லை. பழஞ்சோறும் கருவாடும் சேர்த்துத் தின்று பார்த்தார். நன்றாகச் செரித்தது. கடைசியில் பீலிக்கரையில் கூட்டம் சேர்ந்த நேரமாகப் பார்த்துப்போய், தொண்டைக்குள் விரலை விட்டு, மலை எதிரொலிக்க ஓங்கரித்தார்.

"அக்கா" என்று ராக்காயி காளியாயியைக் கூப்பிட்டாள். "ஒங்க வீட்டுக்காரரு வெரல் போட்டு எடுக்கிறாரு. அது கணக்கில சேராது."

"ஒங்க ஆளு மொத நாளு எங்க என்னா குடிச்சாருன்னு எங்களுக்கும் தெரியும்டி!" என்றாள் காளியாயி.

மாதாந்தச் சோதனைக்குப் போனபோது நல்லமுத்து டொக்டரிடமே முறையிட்டார். "அவனுக்கு மசக்க வந்திருச்சுங்க. எனக்கு வரல்லைங்க."

டொக்டர் இதை மிகக் கவனமாகக் கேட்டார். "வாந்தி நல்ல குறியாயும் இருக்கலாம். வாந்தியில்லாததும் நல்ல குறியாய் இருக்கலாம். தெரியாது" என்றார். பிறகு வழக்கமான ததும்பல் பரிசோதனை நடந்தது. கிளாசில் விளிம்புவரை பிளேன்டீ ஊற்றிக் கையில் கொடுப்பார்கள். எவ்வளவு சிந்துகிறது என்று தட்டில் அளப்பார்கள். அன்றைக்கு இரண்டு பேருமே டீயால் தரையைக் கழுவினார்கள்.

தலைவர் மூக்கன் இதில் தொழிலாளர் பிரச்சினை இருப்பதைக் கண்டுபிடித்தார். தோட்டத்தை நடத்துகிற துரையின் கந்தோருக்கு, அலுவலகத்துக்கு, முன்னால் கூட்டம் வைத்தார். "தோழர்களே! புள்ளைத்தாச்சிக்கு லேசு வேல குடுக்கிறது நாம போராடி வாங்குன உரிம. புள்ள வயித்தில இருந்தா என்னா, தலையில இருந்தா என்னா? சொமக்கிறது சொமக்கிறதுதான்! பொம்பளைங்களுக்குக் குடுத்தத ஆம்பளைங்களுக்கும் வாங்கித் தராம இந்தச் சங்கம் ஓயாது!" பெண்களுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று கொழுந்துக்காரிகள் பின்வரிசையில் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டார்கள்.

துரை நியாயஸ்தர். பிள்ளை இருக்கிறவருக்கு லேசு வேலை, துளை மட்டும் இருக்கிறவருக்கு முழு வேலை என்று தீர்ப்புச் சொன்னார். யாருக்கு எது என்று நிலையத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். நிலையம் ஒரே குரலில் "தெரியாது" என்றது. ஆகவே இருவருக்கும் அரைப் பிள்ளை என்று கணக்கு வைத்து, அரை நாள் மலையிலும் அரை நாள் தேயிலைக் கன்று காவலிலும் நிறுத்தினார்.

ஏழாம் மாதம் ராக்காயி முந்திக்கொண்டாள். பொன்னையாவைப் பலகையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் டசன் டசனாகக் கண்ணாடி வளையல் அடுக்கி, வளைகாப்பு நடத்திவிட்டாள். லயமே போய்ச் சோறு தின்றது. நல்லமுத்து போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டார். அதையும் நல்ல குறி என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

வளைகாப்புதான் அவரை முழுதாக அழித்தது. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு கல் சுவர்தான். பொன்னையாவின் கை நடுங்க நடுங்க வளையல் சலசலவென்று ஆடும். அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப்பக்கம் தெளிவாகக் கேட்கும். முதல் வாரம் அது தாலாட்டுப்போல இருந்தது. ஆடு, நன்றாக ஆடு, என்று கேட்டுக்கொண்டு நல்லமுத்து இரண்டு கோப்பைச் சோறு அதிகமாகத் தின்றார். இரண்டாம் வாரம் சத்தம் குறைந்தது. பிறகு இடையிடையே நின்றது. ஒரு மாலை, வேலை முடிந்து வந்து நல்லமுத்து சுவரில் காதை வைத்தபோது, அந்தப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

அவன் கை நின்றுவிட்டது. அவனுக்குத்தான் பிள்ளை. தொங்கல் காம்பரா, கங்காணி வேலை, இப்போது மூளையும். பிந்திப் பிறந்தது மேலே ஏறிப்போய் உட்கார்ந்துவிட்டது. நல்லமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதைச் சுவரோடு அழுத்திக்கொண்டு, ஒரு வளையலாவது அசையாதா என்று மலைபோல் நின்றார்.

"என்னாங்க" என்றாள் அடுப்படியிலிருந்து வந்த காளியாயி. "ஒங்க கையப் பாருங்க."

அவர் ஒரு கையில் டீக் கிளாசைப் பிடித்திருந்தார். விளிம்புவரை இருந்த டீயில் ஒரு சுழி இல்லை.

லயத்தில் எதுவும் ஒளிந்து கிடக்காது. மறுநாள் பீலிக்கரையில் ராக்காயியே சொல்லிவிட்டாள். "எங்க வீட்டிலயும் அதே கூத்துதான் அக்கா. சாயந்தரமானா இவரும் செவுத்தில காத வச்சிக்கிட்டு நிக்கிறாரு. அண்ணன் கிளாசு ஆடுற சத்தம் இல்லையே, அண்ணனுக்குத்தான் புள்ள நின்னிருச்சுன்னு பெருமூச்சு. அப்ப வளையலு ஒண்ணு அசையணுமே!"

காளியாயி வந்து இதைச் சொன்னபோது நல்லமுத்து உட்கார்ந்துவிட்டார். பொன்னையாவுக்கு. தன்மேல். பொறாமை. அறுபதை நெருங்குகிற வயதில் இப்படி ஒரு பாக்கியம் வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. சந்தோஷத்தில் கை மறுபடியும் ஆடத் தொடங்கியது.

காளியாயி அதையும் கவனித்துவிட்டாள். அவள் சோதித்தும் பார்த்தாள். பொன்னையா மகளைப் பார்க்க டயகமவுக்குப் போயிருந்த நாட்களில் நல்லமுத்து கையிலிருந்த கிளாஸ் மேளம் கொட்டியது. பொன்னையா திரும்பிவந்து வாசலில் புதுச் சட்டையோடு நின்றதும் நின்றுவிட்டது. அங்கே டயகமவில் பொன்னையாவும் மகள் வீட்டுப் பாயெல்லாம் டீ ஊற்றிவிட்டுத்தான் வந்திருந்தார்.

பத்தாம் மாதம் நிலையத்தில் முடிவு வெளியிடும் விழா. வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். மேடையில் பங்காளிகள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, விளிம்புவரை டீ ஊற்றிய கிளாஸ்களைக் கொடுத்தார்கள். நல்லமுத்து பொன்னையாவின் கையைப் பார்த்தார். பொன்னையா நல்லமுத்துவின் கையைப் பார்த்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

முதலில் கைதட்டினார்கள். பிறகுதான் யாருக்கோ உறைத்தது. ஒருவருக்குத்தானே நட்டது? இரண்டு பேரும் எப்படிச் சுகமாக முடியும்?

"அறிந்த உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கோ!" என்றார் டொக்டர் துரைராசா.

கூட்டம் சங்கடமாக நெளிந்தது. மிஸ் கேதீஸ்வரி கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய் நாலு மாதம். அவரைப் பார்க்கக்கூடாது என்ற விதியால் அவர் இல்லாததை யாரும் பார்க்கவில்லை. சாப்பாடு மட்டும் ஒழுங்காக ஜன்னலால் போய்க்கொண்டிருந்தது. பங்களா பூனை கொழுத்ததன் காரணம் அன்றுதான் தெரிந்தது.

கனடாவுக்கு டெலிபோன் போட்டார்கள். மண்டபம் முழுவதும் கேட்கும்படி ஒலிபெருக்கியை வைத்தார்கள்.

"பிள்ளை, இப்ப நீங்கள் சொல்லலாம்" என்றார் டொக்டர். "ஆருக்கு நட்டது?"

"எனக்குத் தெரியாது டொக்டர்."

"அந்தப் பாடம் இப்ப வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கோ."

"உண்மையாத்தான் டொக்டர். ஒவ்வொரு நாளும் காலையில நீங்கள் எல்லாரும் முன்னுக்கு நிண்டு தெரியாது, தெரியாது எண்டு சொல்லுறது எனக்குப் பின்கட்டில கேக்கும். எனக்கு மட்டும் தெரியிறது வெக்கமாக் கிடந்தது. அதால குப்பியளைப் பாராமல், கண்ணை மூடிக்கொண்டுதான் ரெண்டு ஊசியையும் நிரப்பித் துணி சுத்திக் குடுத்தனான்."

"அப்ப ஒண்டிலயாவது அணு இருந்ததோ?"

"அதுவும் தெரியாது. ரெண்டும் ஒரே பாரமாத்தான் இருந்தது."

லைன் அறுந்தது. டொக்டர் துரைராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிந்தான் மனுஷன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் தேஜஸ் இருந்தது.

"பெரியோர்களே! உலகத்தில மற்ற இடங்களில நோயாளிக்குத் தெரியாது, வைத்தியருக்குத் தெரியாது. அது சின்ன விஷயம். எங்கட நிலையத்தில, அறியிறதுக்கெண்டே சம்பளம் குடுத்து வச்சிருந்த ஆளுக்கும் தெரியாது! இப்பிடி ஒரு தூய்மையை ஆர் கண்டது? இனி முடிவுக்கு வாறன். நரம்பணு பிறந்த இடத்தில இராது, ஏறிப் போகும் எண்டு நான் முந்தியே விளங்கப்படுத்தினனான். இவை ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு சுவர்தான். ஆகவே ஒரு தலையில நட்ட அணு சுவரால ஏறி மற்றத் தலைக்கு இடம்பெயர்ந்திருக்குது. இந்த நாட்டில இடம்பெயர்வு புதினமில்லைத்தானே."

வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். லயச் சுவர்களை ஆராய்வதற்கு அடுத்த அஞ்சு வருஷத்துக்கு நிதி அறிவிக்கப்பட்டது.

காளியாயி மட்டும் பின்னாலிருந்து எழுந்தாள். "ஐயா, சொவரும் இல்ல, அணுவும் இல்லைங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்து வயிறெரியிறப்பதான் இவுங்களுக்குக் கை நிக்குது. மூணு மாசமாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அம்மா" என்றார் டொக்டர் இரக்கத்தோடு. "பொறாமையைக் குளிரில வச்சு ஊசியில ஏத்தேலாது. ஏத்தேலாத ஒண்டு மருந்தாய் இருக்கேலாது."

மாசி பிறந்தது. அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்ற ஆயத்தமானார்கள். இரண்டு கையும் நின்றுவிட்டதால் முதல் தப்பு யாருக்கு என்று வழக்கு வந்தது. மூக்கன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, நிலையத்தின் வழியையே எடுத்தார்.

"ரெண்டு பேரும் கிளாசப் புடிங்க. எவன் மொதல்ல சிந்துறானோ அவன் ரெண்டாந் தப்பு."

பொட்டலில் எதிரெதிரே இரண்டு பலகை. விளிம்புவரை டீ. சுற்றி மேல்கணக்கு, கீழ்க்கணக்கு எல்லாம். தப்புகள் நெருப்பில் காய்ந்துகொண்டிருந்தன. டயகமக்காரனும் எதற்கும் இருக்கட்டும் என்று வந்து ஓரத்தில் நின்றான்.

வெகுநேரம் இரண்டு கையும் கல்லாக இருந்தன. பிறகு பொன்னையா, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணே. எனக்குச் சந்தேகமே இல்ல. ஒனக்குத்தான் வச்சிருக்காங்க. ஆபரேசன் அன்னிக்கே ஒன் கட்டு என் கட்டவிடப் பெருசா இருந்திச்சி. வழியெல்லாம் அதையேதான் பாத்துக்கிட்டு வந்தேன்."

நல்லமுத்துவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இது கேட்கத்தானே இவ்வளவு நாளும். ஆனால் அந்தக் குளிர்ச்சியோடு விரல் நுனியில் ஏதோ ஊர்வதையும் அவர் உணர்ந்தார். டீயின் மேல் சின்னதாக ஒரு சுழி. பொன்னையா வேண்டுமென்றே சொன்னாரா, மனசு தாங்காமல் சொன்னாரா என்று நல்லமுத்து அவர் கண்ணைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

வெல்வதற்கு நல்லமுத்துவுக்கும் ஒரு வார்த்தை போதும். இல்லடா தம்பி, ஒனக்குத்தான் வச்சாங்க, என்று சொல்லிவிட்டால் பொன்னையாவின் வயிறு ஆறிப்போகும். வயிறு ஆறினால் கை ஆடும். கை ஆடினால் முதல் தப்பு இவருக்கு. அதோடு பொன்னையாவின் கை நாளைக்கும் ஆடும், மறுநாளும் ஆடும், சோற்றை வாய்க்குக் கொண்டுபோக ராக்காயி வேண்டும். சுவருக்கு அந்தப்பக்கம் வளையல் சலசலத்துக்கொண்டே இருக்கும்.

அவர் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நாக்கில் வந்து நின்றது.

"ஆமாண்டா" என்றார். "எனக்குத்தான் வச்சாங்க. ராத்திரியில உள்ளுக்குள்ள வளருற சத்தம்கூடக் கேக்குது. ஒனக்கு வெறும் ஓட்டதான்."

பொன்னையாவின் முகம் கறுத்தது. நெற்றி நரம்பு புடைத்தது. கிளாசைப் பிடித்த கை இரும்பாகியது. அதைப் பார்த்தவுடன், இந்த வயதிலும் எப்படிப் பிடிக்கிறான் பார் பாவி என்று நல்லமுத்துவுக்கு வயிறு எரிந்தது. ஊர்ந்துகொண்டிருந்த விரல் நின்றது. சுழி அடங்கியது.

இதை அவர் பொறாமையில் சொன்னாரா, வேறு எதிலாவது சொன்னாரா என்று பிற்காலத்தில் காளியாயி பல முறை கேட்டிருக்கிறாள். நிலையத்து உத்தியோகத்தர்களைப்போல அவரும் நெஞ்சை நிமிர்த்தி, "எனக்குத் தெரியாது" என்பார்.

பொழுது சாய்ந்தது. டீ ஆறிச் சில்லிட்டது. பனி இறங்கிக் கிளாசுக்குள் விழுந்தது. இனிப் பொறுக்கமுடியாது என்று மூக்கன் டயகமக்காரனைப் பார்த்துத் தலையசைக்க, அவன் முதல் அடியை அடித்தான். கம்பம் ஏறியது. ரதி ஆடினாள். ஊரெல்லாம் கூத்துப் பார்த்தது. இரண்டு பேர் மட்டும் பார்க்கவில்லை. அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், ஒரு மடக்குக் குடிக்காமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.